விசாகப்பட்டினத்துக்கு இருவராக



தொடர் விடுமுறை வந்தால் நம்மவர்கள் போகும் இடங்கள் ஏறக்குறைய முடிவாகிவிட்டவை. உதகை, கொடைக்கானல், ஏற்காடு. இன்னும் ஒருநாள் சேர்ந்து கிடைத்தால் மூணாறு. வெள்ளிக்கிழமை இரவு கிளம்பிய வண்டிகளெல்லாம் சனிக்கிழமை காலை ஒரே கொண்டை ஊசி வளைவில் வந்து நிற்கின்றன. 2024 மே மாதத்திலிருந்து உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது நினைவிருக்கும். அந்த மலைகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் என்ன?

அதனால் இந்த மாதம் வேறோர் ஊரைச் சொல்கிறேன். விசாகப்பட்டினம். சென்னையிலிருந்து ஏறக்குறைய 780 கிலோமீட்டர். காலையில் சென்ட்ரலில் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்குப் போய்ச் சேரலாம். மலைக்கா கடலுக்கா என்று வீட்டில் வாக்குவாதம் வேண்டாம். கிழக்குத் தொடர்ச்சி மலை கடலை ஒட்டி வந்து, ஓரிடத்தில் கடலுக்குள்ளேயே கால் வைத்து நிற்கும் ஊர் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். இருவராகப் போங்கள்.

பிள்ளைகள் தலையெடுத்த வீடுகளில் கணவனும் மனைவியுமாக வெளியூர் போவது ஏதோ கூச்சப்பட வேண்டிய காரியம்போல ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் போகலாம், காதுகுத்துக்குப் போகலாம், குலதெய்வம் கோயிலுக்கு வேன் பிடித்துப் போகலாம். “நாங்க ரெண்டு பேரும் சும்மா ஊர் பார்க்கப் போறோம்” என்று சொல்ல மட்டும் நாக்கு எழாது. வாசகியர் பலர் கடிதங்களில் இதை எழுதியிருக்கிறார்கள். இருபத்தைந்து, முப்பது வருடம் ஒரு குடும்பத்தைச் சேர்ந்து இழுத்தவர்கள் மூன்று நாள் தங்களுக்கென்று எடுத்துக்கொள்வதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. நானும் என் கணவரும் மார்கழியில் போய் வந்தோம். ரயில் நெல்லூரைத் தாண்டும்வரை சிலிண்டர் புக் செய்தது, மகனுக்குப் பார்க்கும் வரன் என்று வீட்டுப் பேச்சே ஓடியது. கிருஷ்ணா நதிப் பாலத்தின் மேல் ரயில் ஏறியபோது இருவரும் ஜன்னலுக்கு வந்துவிட்டோம். அதற்குப் பிறகு வேறு பேச்சுகள் வந்தன.

ஊரின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. அதற்குக் கைலாசகிரி மலை போதும். கம்பிவட ஊர்தியில் ஏறிப் போகலாம். மேலே பெரிய வெள்ளைச் சிவன் பார்வதி சிலை, குழந்தைகளுக்கான சிறு ரயில், ஐஸ்கிரீம் கடைகள் எல்லாம் உண்டு. அவற்றைச் சீக்கிரம் பார்த்துவிட்டுத் தெற்கு முகமாக விளிம்புக்கு வாருங்கள். கரை வில்லாக வளைந்து போகிறது. அந்தக் கோடியில் ஒரு மலை கடலுக்குள் நீண்டிருக்கிறது. ‘டால்பின்ஸ் நோஸ்’ என்று பெயர்; மேலே கலங்கரை விளக்கம். அதன் நிழலில்தான் துறைமுகம் இருக்கிறது.

என் கணவர் பொதுப்பணித் துறையில் இருந்தவர். அந்த மலையைப் பார்த்துக்கொண்டே நின்றவர், “நம்ம சென்னைக்கு இது வாய்க்கலை” என்றார். கிழக்குக் கடற்கரை நெடுக வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்குமாம். திறந்த கடலில் சுவர் எழுப்பித் துறைமுகம் கட்டியதால் சென்னையில் அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துக்கொண்டே போனது. இங்கே மலையே அலையைத் தடுத்து நிற்கிறது. அதன் பின்னால் உப்பங்கழிச் சதுப்பாகக் கிடந்த நிலத்தைத் தோண்டி உள்துறைமுகம் அமைத்தார்கள். வாயிலில் மணல் வந்து அடைக்காமல் இருக்க, இரண்டு பழைய கப்பல்களை மூழ்கடித்து அலைத்தடுப்பாக்கினார்கள். 1933இல் துறைமுகம் திறந்தது. இப்போதும் அங்கே சேரும் மணலைத் தூர்வாரி ஊரின் ராமகிருஷ்ணா கடற்கரைக்குக் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் அந்தக் கரையும் கரைந்துவிடும்.

இதையெல்லாம் அவர் கையை நீட்டி நீட்டிச் சொல்லச் சொல்ல, ஊர் எனக்குப் புரிய ஆரம்பித்தது. கிழக்குக் கடற்படையின் தலைமையகம் ஏன் இங்கே, இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள் ஏன் இங்கே என்று ஒவ்வொன்றாகக் காரணம் தெரிந்தது. வீட்டில் அவர் இத்தனை நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் அதற்கெல்லாம் ஏது நேரம்?

மாலையில் ராமகிருஷ்ணா கடற்கரைக்கு வந்தோம். அங்கே ‘குர்சுரா’ என்ற நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி நிறுத்தியிருக்கிறார்கள். சோவியத் நாட்டில் கட்டியது. 1969இல் நம் கடற்படையில் சேர்ந்து, 1971 போரில் பங்கெடுத்து, 2001இல் ஓய்வு பெற்றது. மறு ஆண்டே அருங்காட்சியகமானது. வெளியிலிருந்து பார்க்கத் தொண்ணூறு மீட்டருக்கு மேல் நீளமான பெரிய கப்பல். உள்ளே நுழைந்தால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வட்டமான இரும்பு வாசல். முதலில் ஒரு காலை உள்ளே விட்டு, தலையைக் குனிந்து, பிறகு மறு காலை எடுக்க வேண்டும். நான் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நிதானமாகக் கடந்தேன்.

முன்னறையில் ஆறு டார்பிடோக் குழாய்கள். பக்கத்திலேயே, டார்பிடோக்களை அடுக்கும் இடத்தை ஒட்டி, மாலுமிகளின் படுக்கைகள். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் வாரக்கணக்கில் இதற்குள் இருந்திருக்கிறார்கள். சமையலறை நம் வீட்டுப் பூஜை அலமாரி இருக்கும் இடம் அளவுதான். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சுற்றிக் காட்டினார். குடிதண்ணீர் அளந்துதான் கிடைக்கும், குளியல் என்ற பேச்சே இல்லை, வெளியே பகலா இரவா என்று கடிகாரம்தான் சொல்லும் என்றார். “வீட்டுக்குத் தகவல் எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டேன். “கரைக்கு வந்தாத்தாம்மா தகவல்” என்றார். அவர் மனைவி அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பார் என்று அதற்குப் பிறகு நினைத்துக்கொண்டே நடந்தேன்.

1971 டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, இதே கரைக்கு அப்பால்தான் பாகிஸ்தானின் ‘காஜி’ நீர்மூழ்கி மூழ்கியது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. கடற்கரையில் அந்தப் போர் வெற்றிக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. குர்சுராவுக்குள் போய்விட்டு வந்து அதன் முன்னால் நின்றால், மூழ்கியவர்களின் வீட்டுப் பெண்களும் நினைவுக்கு வருவார்கள். எனக்கு வந்தார்கள்.

மறுநாள் அரக்கு பள்ளத்தாக்கு. காலை ஏழு மணிக்கு முன்பே புறப்படும் கிரண்டுல் ரயிலைப் பிடிக்க வேண்டும். பைலாடிலா மலையின் இரும்புத்தாதைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து ஜப்பானுக்கு அனுப்ப 1960களில் போட்ட பாதை அது. தாதுக்காகப் போட்ட பாதையில் இன்று நாமும் ஏறிப் போகிறோம். 2017இலிருந்து கண்ணாடிக் கூரைப் பெட்டியும் சேர்த்திருக்கிறார்கள்; அதற்கு முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். சாதாரணப் பெட்டியும் நன்றாகத்தான் இருந்தது. குகைப்பாதைகள் ஒன்றை அடுத்து ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்குள் நுழையும்போதும் கல்லூரிப் பையன்கள் கூவினார்கள். வெளிச்சம் வந்ததும் பள்ளத்தில் வேறொரு மலை, வேறொரு ஓடை.

பொர்ரா குகைக்கு அந்த ரயிலிலேயே நிலையம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் சுண்ணாம்புப் பாறைக் குகை. மழைத்தண்ணீர் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உள்ளே சொட்டும். சொட்டுகிற ஒவ்வொரு துளியும் துளி சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போகும். மேலிருந்து ஒரு தூண் இறங்கும், கீழிருந்து ஒரு தூண் எழும், பல்லாயிரம் வருடம் கழித்து இரண்டும் தொட்டுக்கொள்ளும். பச்சையும் ஊதாவுமாக விளக்கு போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த விளக்குகள் இல்லாமலிருந்தால் இன்னும் அழகாக இருக்கும் என்பது என் கட்சி. குகையின் கூரையில் இயற்கையாகவே ஓர் ஓட்டை இருக்கிறது. அதன் வழியாக வெயில் விழுகிற இடம்தான் குகையிலேயே சிறந்த இடம். மேய்ந்துகொண்டிருந்த ஒரு பசு அந்த ஓட்டை வழியாக விழுந்ததாகவும், தேடிவந்தவர்கள் உள்ளே லிங்கத்தைக் கண்டதாகவும் மலைமக்கள் கதை சொல்கிறார்கள். செங்குத்தான படியேறிப் போனால் அந்த லிங்கத்தைப் பார்க்கலாம்.

ஓரிடத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எங்களோடு வந்த வழிகாட்டி பக்கத்துக் கிராமத்து இளைஞர். கோஸ்தனி ஆறு, இந்த அனந்தகிரி மலையில் பிறந்து குகைக்குக் கீழே ஓடுகிறது என்றார். “எங்கே போகுது?” என்று கேட்டார் என் கணவர். வழியில் தாட்டிபூடி அணையில் தேங்கி, அங்கிருந்து விசாகப்பட்டினத்துக்குக் குடிநீராகவும் போய், மிச்சம் பீமிலி என்ற கடற்கரை ஊரில் கடலில் சேர்கிறதாம். ஓட்டல் அறையில் காலையில் முகம் கழுவிய தண்ணீரும் இந்த ஆற்றுடையதாக இருக்கலாம் என்று பேசிக்கொண்டே மேலே ஏறினோம். அப்போதே முடிவாகிவிட்டது. மூன்றாம் நாளுக்குப் போட்டு வைத்திருந்த மீன் காட்சியகம், கடைவீதி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஆறு கடலில் சேரும் இடத்தைப் போய்ப் பார்ப்பதென்று.

பட்டியல் போட்டுக்கொண்டு ஓடாமல் இப்படி ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஊர் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். இருவர் சேர்ந்து போகும்போது அது இன்னும் நல்லது. அவருக்குப் பிடித்தது, எனக்குப் பிடித்தது என்று நேரத்தைப் பங்கு போட வேண்டியதில்லை.

அரக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காபித் தோட்டங்கள், நிழலுக்கு நிற்கும் சவுக்குமர உயரச் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. பழங்குடிக் குடும்பங்கள் விளைவிக்கும் இந்த அராபிகா காபிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மூங்கிலுக்குள் கோழியைத் திணித்து, இலையால் வாயை அடைத்து, நெருப்பில் சுட்டுத் தருகிறார்கள். எண்ணெய் கிடையாது. வாழைத் தார் விற்ற பாட்டிகள் குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றியிருந்தார்கள். திரும்பும்போது காரில் அனந்தகிரி வழியாக இறங்குங்கள், ரயிலில் பார்த்த மலைகளை வேறு பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

மூன்றாம் நாள் விடியலில் சிம்மாசலம். வராக லட்சுமி நரசிம்மர் வருடம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள்ளேயே இருக்கிறார். அட்சய திருதியை அன்று மட்டுமே சந்தனம் களைந்த நிஜ ரூபம். கோயிலுக்குள் ‘கப்ப ஸ்தம்பம்’ என்ற தூணைக் கட்டிப்பிடித்து வேண்டிக்கொண்டால் நடக்கும் என்று நம்பிக்கை. இளம் தம்பதிகள் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒரு பெண் தூணில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தபோது, அவள் கேட்டது அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

இந்தக் கோயிலின் பழைய கல்வெட்டு 11ஆம் நூற்றாண்டின் கடைசியில், முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் வெட்டியது. விசாகப்பட்டினத்துக்கே அந்தக் காலத்தில் குலோத்துங்க சோழப்பட்டினம் என்றும் ஒரு பெயர் இருந்தது. வணிகக் கப்பல்கள் வந்து போன துறை. அந்த அரசர்கள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஆண்டாள் இன்னும் அங்கே இருக்கிறாள். தெலுங்கு நாட்டுப் பெருமாள் கோயில்களில் மார்கழி முழுக்கத் திருப்பாவையைத் தமிழிலேயே ஓதுகிறார்கள். தெலுங்கு நாக்கில் நம் பாசுரம் கொஞ்சம் வேறு தாளத்தில் ஒலிக்கும். கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே பீமிலிக்கு. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் கடல், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். இந்தியாவில் இதைவிட அழகான சாலைப் பயணம் குறைவு என்றே சொல்வேன். 2014 அக்டோபர் 12ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் நேராக இந்த ஊரில்தான் கரையேறியது. மலைகளில் ஒரு மரம் இலையோடு நிற்கவில்லை என்று கார் ஓட்டியவர் சொன்னார். பத்தாண்டு கழித்து மலைகள் மறுபடி பச்சையாக இருக்கின்றன.

வழியில் தொட்லகொண்டாவில் ஏறினோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்த பிக்குகள் வாழ்ந்த மலை. 1970களில் கடற்படை தளத்துக்கு இடம் தேடி விமானத்திலிருந்து நில அளவை செய்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. தோண்டியபோது ரோமானிய வெள்ளிக் காசுகள்கூடக் கிடைத்தன. பாறையில் வெட்டிய தொட்டிகளில் இன்றும் மழைத்தண்ணீர் நிற்கிறது. பிக்குகளின் சிற்றறைகளில் மிஞ்சியிருப்பது முழங்கால் உயரச் செங்கல் சுவர்கள்தான். எல்லா அறைக்கும் கடல் காற்று வருகிறது.

அதற்கு அப்பால் எர்ரமட்டி திப்பலு, செம்மணல் மேடுகள். நான் வளர்ந்தது திருச்செந்தூர்ப் பக்கம். காரிலிருந்து இறங்கிக் காலை வைத்ததும் சொன்னேன், “என்னங்க, இது எங்க ஊர்த் தேரி!” அதே சிவப்பு, அதே நொறுங்கும் மண், முந்திரி மரங்கள்கூட அதே. பனியுகத்தில் கடல் உள்வாங்கிக் கிடந்தபோது திறந்த கடற்படுகையின் மணலைக் காற்று அள்ளிவந்து குவித்தது. மணலில் இருந்த இரும்பு துருவேறிச் சிவந்தது. இந்தியக் கரையில் இப்படிப்பட்ட செம்மணல் தமிழ்நாட்டுத் தேரிகளிலும் இங்கேயும்தான் பேர் சொல்லும்படி இருக்கிறது. மழை அறுத்த ஓடைகளின் இரு கரையும் ஆள் உயரத்துக்கு மேல். அவற்றுக்குள் நடந்துகொண்டே, சித்திரை வெயிலில் தேரியில் செருப்பில்லாமல் ஓடி, பனை நிழலுக்குப் பனை நிழல் தாவிய கதையை அவருக்குச் சொன்னேன். தேரி ஓர் இரவுக் காற்றில் இடம் மாறிவிடும் என்று ஆச்சி சொன்னதையும் சொன்னேன். கைலாசகிரியில் அவர் பேசி நான் கேட்டேன். இங்கே நான் பேச, அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

இந்த மேடுகள் தேசியப் புவியியல் மரபுச் சின்னம். ஆனாலும் சுற்றிலும் கட்டடங்கள் நெருங்கி வருகின்றன. போகிறவர்கள் மேட்டின் விளிம்பில் ஏறிச் சரிய வேண்டாம், நினைவுக்காக ஒரு பிடி மண்ணும் எடுக்க வேண்டாம். ஒருமுறை சரிந்தால் அதைத் திரும்பக் கட்ட இன்னொரு பனியுகம் வேண்டும்.

பீமிலி, அதாவது பீமுனிப்பட்டினம், பழைய துறைமுகம். 17ஆம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்கள் வந்து தங்கிய ஊர். அவர்களுடைய கல்லறைகள் கடற்கரைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, கோபுரம்போல் உயர்ந்த செங்கல் கூம்புகளோடு. எழுத்துக்கள் உப்புக்காற்றில் தேய்ந்துவிட்டன. அங்கிருந்து சற்று நடந்தால் முகத்துவாரம். கோஸ்தனி அகலமாக, அவசரமில்லாமல், மணல் திட்டைச் சுற்றிக்கொண்டு கடலுக்குள் போகிறது. படகுகள் சாய்ந்து கிடந்தன. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவரிடம், நேற்றுப் பொர்ராவில் இந்த ஆற்றைப் பார்த்தோம் என்று தெரிந்த தெலுங்கில் சொன்னோம். அவர் பொர்ராவுக்குப் போனதே இல்லையாம். அங்கே எப்படி இருக்கும் என்று கேட்டார். என் கணவர் மணலில் விரலால் மலையையும் குகையையும் வரைந்து காட்ட, இன்னும் இரண்டு பேர் வந்து குனிந்து பார்த்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். குர்சுராவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு, திங்கள் என்று விடுமுறை அமைந்தால் முதல் நாளே பார்த்துவிடுங்கள். பொர்ராவில் படிகள் அதிகம், ஈரமும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் வெயில் விழும் அந்த ஓட்டை வரை போய்த் திரும்பினாலே போதும். காலைச் சாப்பாட்டுக்கு உப்புமா வைத்த பெசரட்டும் இஞ்சிச் சட்னியும். கடற்கரையில் பொரியோடு வெங்காயம், தக்காளி, எலுமிச்சை கலந்து தரும் முந்த மசாலா. ஊர் திரும்பும்போது மாடுகுல அல்வா வாங்கலாம். கோதுமைப் பாலில் செய்வது. திருநெல்வேலி அல்வாவோடு வளர்ந்த நானே நல்ல அல்வா என்று ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த இதழில் வாசகர் பயணங்களுக்குப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். கணவனும் மனைவியுமாகப் போய் வந்த ஊரைப் பற்றி எழுதுங்கள். தொலைதூரமாக இருக்க வேண்டும் என்றில்லை, தரங்கம்பாடியோ திருமயமோகூடப் போதும். ஒரே ஒரு வேண்டுகோள்: இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல் எழுதி, சேர்த்து ஒரே உறையில் அனுப்புங்கள். ஒரே ஊர் உங்கள் இருவர் கண்ணிலும் எப்படித் தெரிந்தது என்று படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்